ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்: ஒளித்து வைத்த குறிப்பா, விட்டுப்போன தவறா?

கணக்கம்மா (கோவை) கேட்கிறார்:

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்', எண்பதுகளில் ஒரு சின்ன அமெரிக்க ஊரில் பிள்ளைகள் சிலர் அமானுஷ்யத்தோடு மோதுகிற நெட்ஃபிளிக்ஸ் தொடர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து சீசனும் பார்த்து முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதை எல்லாம் வெளியே வரப்போகிறது.

2026 ஜனவரி 8, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கே ஹாலில் லைட் எரிந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் இயற்பியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, பெருமையாகக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மார்கழிக் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பெருமாள் கோவில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடுகிறது, இவள் நெட்ஃபிளிக்ஸ் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறாள். "ஆறரைக்கு ஒன்பதாவது எபிசோட் வரும்மா" என்றாள்.

முடிந்துபோன தொடருக்கு ஏது ஒன்பதாவது எபிசோட்? அதுதான் ரசிகர்கள் கிளப்பிய 'கன்ஃபார்மிட்டி கேட்' என்கிற கதை. ஜனவரி 1 காலையில் நாங்கள் பார்த்த கடைசி எபிசோடின் பின்பகுதி இருக்கிறதே, பட்டமளிப்பு, ஆளுக்கொரு வேலை, பிள்ளைகளில் ஒருவனான மைக் வீட்டு பேஸ்மெண்டில் கடைசிப் பகடை ஆட்டம், அது எதுவுமே நிஜம் இல்லையாம். தொடரின் வில்லன் வெக்னா காட்டுகிற மாயையாம். உண்மையான முடிவை ஒளித்து வைத்திருக்கிறார்களாம், அமெரிக்கக் கணக்கில் ஜனவரி 7 அன்று விடுவார்களாம்.

"என்னடி ஆதாரம்?" என்றேன். நோட்டை எடுத்தாள். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான். பட்டமளிப்பில் பிள்ளைகள் எல்லாரும் கையை ஒரே மாதிரி முன்னால் கோத்துக்கொண்டிருக்கிறார்கள், அது ஹென்றி (வெக்னாவின் மனித உருவம்) நிற்கிற நிலையாம். கடைசியில் அலமாரியில் அடுக்குகிற ஃபைல்களின் முதுகைச் சேர்த்துப் படித்தால் 'எக்ஸ் ஒரு பொய்' என்று வருகிறதாம். நான்காவது சீசனில் ஹென்றி பேசுவான் இல்லையா, மனுஷன் எழுந்திருக்கிறான், சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், தூங்குகிறான், சாகிறான், எல்லாரும் ஒரே அச்சு என்று? அப்படிப்பட்ட ஒரு சாதாரண வாழ்க்கையில் எல்லாரையும் கொண்டுபோய் உட்கார வைத்ததே பெரிய குறிப்பாம். இப்படிப் பதினேழு எழுதி வைத்திருந்தாள், நம்பர் போட்டு.

ஆறரை ஆனது. ஒன்றும் வரவில்லை. ஏழு மணிக்குக் காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பள்ளிக்கூட வேனுக்கு ஓடினாள்.

சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் நானும் இந்தத் தொடரின் பைத்தியம்தான். அதில் வருகிற பையன்களிடம் வாக்கி டாக்கி இருந்தது, எங்களுக்கு இரண்டு தீப்பெட்டியும் நூலும்தான். ஆனால் சாயங்காலம் சைக்கிளை எடுத்தால் இருட்டும்வரை யாரும் தேடாத காலம் ஒன்று எங்களுக்கும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன், பேய் எல்லாம் அப்புறம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவள். டிரையல் பேலன்ஸ் இடித்தால் முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதி இல்லாமல் வகுபட்டால், எங்கோ யாரோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். தப்புக்கென்று ஒரு முகம் உண்டு, தில்லுமுல்லுக்கென்று வேறு முகம். பல வருஷம் பார்த்தால் பிடிபட்டுவிடும். இந்த மாதிரித் தொடர்களில், இது வேண்டுமென்றே வைத்தது, இது கவனிக்காமல் விட்டது என்று பிரித்துச் சொல்ல அப்படி ஏதாவது வழி உண்டா? என் மகளிடம் "அதெல்லாம் சும்மா" என்று மட்டும் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

ஏழாம்_பகடை:

அக்கா, உங்கள் பொண்ணு பக்கம்தான் நான். அந்தத் தொடரில் எதுவும் சும்மா வராது. முதல் எபிசோட் ஞாபகம் இருக்கிறதா? பேஸ்மெண்டில் விளையாடும்போது மைக்கின் நண்பன் வில் பகடை உருட்டுவான், அது எங்கேயோ போய் விழும். அம்மா கூப்பிட்டுவிடுவார், மைக் பகடையைப் பார்க்கவே மாட்டான். வெளியே வந்தபின் வில்தான் தானாகச் சொல்வான்: "ஏழுதான் விழுந்தது. டெமோகார்கன் என்னைப் பிடித்துவிட்டது." டெமோகார்கன் என்பது அந்த ஆட்டத்தில் வருகிற அரக்கன். அதே ராத்திரி நிஜமாகவே ஒரு அரக்கன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதைவிட என்ன வேண்டும்? மந்திர சக்தி உள்ள சிறுமி எல் கையில் 011 என்று பச்சை குத்தியிருந்தபோதே 001 எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான்காவது சீசன்வரை காத்திருந்தார்கள், கிடைத்தது: ஹென்றிதான் அது. ஏழாம் தேதி வரவில்லை என்பதால் எல்லாம் பொய்யாகிவிடாது.

பழைய உதவி இயக்குநர்:

கணக்கம்மா, உங்கள் ஒன்பதால் வகுக்கிற கணக்கைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாலு வருஷம் சீரியலில் உதவி இயக்குநராக இருந்தேன். அதில் பாதிக் காலம் என் வேலை கன்டினியூட்டி, ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் பார்த்துக்கொள்வது. அதாவது இந்தக் 'குறிப்புகளை' எல்லாம் தெரியாமல் உற்பத்தி செய்கிற வேலை.

சீரியல் வரிசையாக எடுக்கப்படாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வளசரவாக்கம் பக்கம் ஒரு ஷூட்டிங் வீடு. ஹாலில் லைட்டிங் செய்துவிட்டால் அன்றைக்கு ஹால் சீன் மட்டும்தான். அடுத்த மாதம் வரப்போகிற கல்யாணப் பேச்சும் இந்த வாரம் வரப்போகிற சாவுச் சண்டையும் ஒரே மத்தியானத்தில் நடக்கும். மாமியாராக நடிப்பவருக்கு நாலு மணிக்கு வேறு கால்ஷீட் என்றால் அவர் முகம் தெரிகிற ஷாட் எல்லாம் முதலில். மிச்சத்துக்கு அவர் புடவையைக் கட்டி யாரையாவது முதுகு காட்டி உட்கார வைப்போம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பேன்: "இடது கை வளையல் மூணு, முந்தானை செருகி, டம்ளரில் பாதி, குங்குமம் கலைந்து." அதில் ஒன்று விட்டுப்போனால் போச்சு.

அந்த ஹாலில் ஒரு பெண்டுலம் கடிகாரம் மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. பெண்டுலம் சும்மா, உள்ளே பேட்டரி. ஷூட்டிங்கில் கடிகாரத்துக்கு முதல் காரியமாகப் பேட்டரியைப் பிடுங்கிவிடுவோம். இல்லையென்றால் கேள்வி கேட்கும்போது பத்தே கால், பதில் சொல்லும்போது பதினொன்று என்று ஓடிவிடும். சீனுக்குத் தகுந்தபடி முள்ளைக் கையால் திருப்பி வைப்பது என் பொறுப்பு. ஒரு ஷெட்யூல் முழுக்க எனக்குக் காய்ச்சல். வந்த பையனிடம் இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். பதினாலு எபிசோட், காலை டிபன் முதல் நடுராத்திரி அழுகைவரை, அந்தக் கடிகாரம் மூணு இருபதிலேயே நின்றது.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. "தாத்தா இறந்த நாள் முதல் அந்த வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டதை நாங்கள் கவனித்தோம். தாத்தா இறந்தது மூணு இருபதுக்கு என்பதும் புரிந்தது. அவர் திரும்ப வருவாரா?" தாத்தா எத்தனை மணிக்குச் செத்தார் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவே இல்லை. அவர் செத்த காட்சியை எடுத்தது வேறு வீட்டில்.

நான் நடுங்கிப்போய் லெட்டரை டைரக்டரிடம் நீட்டினேன், திட்டு விழும் என்று. அவர் இரண்டு தடவை படித்தார். டிஆர்பி வேறு இறங்கிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஷெட்யூலில் முதல் ஷாட்டே கடிகாரத்துக்கு க்ளோஸ்-அப். மூணு இருபது. பின்னணியில் ஒரு மணி ஓசை. அதுவரை குடும்பச் சீரியலாக இருந்தது அன்றிலிருந்து ஆவிச் சீரியல்.

சொல்லுங்கள், அந்த மூணு இருபது குறிப்பா, தவறா? பதினாலு எபிசோட் தவறு. பதினைந்தாவதிலிருந்து குறிப்பு.

இது எங்கள் ஊர் லட்சணம் என்று நினைத்துவிடாதீர்கள். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் எடுத்த 'ட்வின் பீக்ஸ்', 1990இல் அமெரிக்காவின் ஏபிசியில் வந்த தொடர். இணையத்தில் கூடி, விசிஆரில் டேப்பை நிறுத்தி நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாகக் குறிப்பு தேடுகிற வழக்கத்தைப் பெரிதாக்கியவர்கள் அதன் ரசிகர்கள். அதில் பாப் என்று ஒரு கெட்ட ஆவி வரும், நீளமான நரைத்த முடியோடு. அந்த வேடத்தில் நடித்த ஃப்ராங்க் சில்வா நடிகராக அங்கே வரவில்லை. செட்டில் சாமான் அடுக்குகிறவர். பைலட், அதாவது முதல் எபிசோட் எடுக்கும்போது செத்துப்போன பெண்ணின் அறையில் மேஜையை நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து லிஞ்சுக்கு ஏதோ தோன்றி, கட்டில் கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்து ஒரு ஷாட் எடுத்தார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. அப்புறம் அதே பைலட்டில் அந்தப் பெண்ணின் அம்மா அலறி எழுகிற காட்சி. எடுத்து முடித்ததும் கேமராக்காரர், கண்ணாடியில் ஒருத்தர் தெரிகிறார், ஷாட் வீண் என்கிறார். யார் என்று பார்த்தால் அதே சில்வா. வேறு யாராக இருந்தாலும் மறுபடி எடுத்திருப்பார்கள். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். தொடரின் மொத்தப் பேயும் அங்கிருந்துதான் வந்தது.

அதிலேயே இன்னொன்று. பிணவறையில் டியூப் லைட் விட்டு விட்டு எரியும். நிஜமாகவே கோளாறு, சரிசெய்ய வேண்டாம் என்றுவிட்டார். பின்னாடி அந்தத் தொடரில் மின்சாரமும் விளக்கு மினுக்குவதும் ஆவிகளோடு சேர்ந்தே வர ஆரம்பித்தன. இப்போது ஒருவர் முதல் எபிசோடைப் பார்த்து "பாருங்கள், அப்போதே குறிப்பு வைத்திருக்கிறார்" என்றால் அவர் சொல்வது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸுக்கு வருகிறேன். பகடை தம்பி சொன்ன ஏழு, சந்தேகமே இல்லை, எழுதி வைத்ததுதான். ஏன் சொல்கிறேன் என்றால் அதற்கு வசனம் இருக்கிறது, வசனத்தைச் சொல்ல ஒரு தனி நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் பார்ப்பது அதைத்தான்: இதற்காக யாராவது நேரமோ பணமோ செலவழித்தார்களா? பொருளை மட்டும் தனியாகக் காட்ட இன்சர்ட் ஷாட் எடுத்தார்களா, சத்தம் சேர்த்தார்களா, வசனம் எழுதினார்களா? நான்காவது சீசனில் மைக்கின் அக்கா நான்சி, அரக்கர்கள் இருக்கிற தலைகீழ் உலகத்தில் தன் டைரியைப் புரட்டுவாள், கடைசித் தேதி 1983 நவம்பர் 6 என்று இருக்கும், வில் காணாமல் போன நாள். கேமரா நின்று காட்டும், அவள் வாய்விட்டும் சொல்வாள். அது குறிப்பு. கூட்டத்தில் பத்துப் பேர் கையை ஒரே மாதிரி வைத்திருந்தால்? கவுன் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் "கையை ஆட்டாதீங்க, மடியில வைங்க" என்று கத்துகிற உதவி இயக்குநரின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. நானே கத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் முதலில் எழுதும்போது முதல் சீசனோடு முடிந்துவிடலாம் என்ற கணக்கில், எல் கடைசியில் செத்துப்போவதாகத்தான் வைத்திருந்தார்கள். நான்சியின் காதலனாக வருகிற ஸ்டீவ் வெறும் கெட்ட பையன், நடித்தவரைப் பிடித்துப்போனதால் மாற்றினார்கள். அப்படி இருக்கும்போது 2016இல் சுவரில் தெரிந்த ஒரு போஸ்டர் 2025இன் முடிவைச் சொல்கிறது என்றால் எப்படி? ஐந்தாம் சீசனைப் பற்றி 2026 ஜனவரியில் வந்த ஆவணப்படத்தையும் பார்த்தேன். கடைசி எபிசோடின் ஸ்கிரிப்ட் முடியாமலே ஷூட்டிங்கில் இறங்கியிருக்கிறார்கள். ரகசியமாக இன்னொரு முடிவை எடுத்து ஒளித்து வைக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது அம்மா. எனக்கு அந்த முகங்களைத் தெரியும். அந்த முகங்களுக்கு ஊரும் கிடையாது.

தோட்டக்காரமங்கலம் பஸ்:

என்னுடைய பங்குக்கு ஒரு வரி. 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' சீரியல் வந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு எபிசோட். கரண்ட் போனால் போனதுதான், அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமியிடம் கதை கேட்க வேண்டும். மாமி தன் யூகத்தையும் சேர்த்தே சொல்வார், எது கதை எது மாமி என்று பிரிக்க முடியாது. ஊரைப் பயமுறுத்துகிற கருப்பு, ராஜேந்திரனேதான் என்று தெரிந்தபின் யூட்யூபில் முதலிலிருந்து பார்த்தேன். கருப்பு வருகிற ஒவ்வொரு தடவையும் "இவன் இப்போ எங்கே?" என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கதையையே பார்க்கவில்லை. நிறுத்திப் பார்க்க முடியாத காலத்தில் பார்த்ததுதான் நல்ல பயம்.

கணக்கம்மா (கோவை):

உதவி இயக்குநர் சார், உங்கள் பதிலை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கடிகாரக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் நோட்டை எடுத்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"செலவழித்தால் குறிப்பு என்கிறீர்கள். அப்போது வில் பிறந்தநாள்? இரண்டாவது சீசனில், பேய் பிடித்த அவனை ஷெட்டில் கட்டிப் போட்டிருக்கும்போது அவன் அம்மா ஜாய்ஸ் அழுதுகொண்டே சொல்வாள், மார்ச் 22 உன் பிறந்தநாள் என்று. எட்டாவது பிறந்தநாளுக்கு 120 கலர் க்ரேயான் பெட்டி வாங்கித் தந்ததையும், அவன் ஒரு வானவில் கப்பல் வரைந்ததையும் சொல்வாள். நான்காவது சீசனில் ஸ்கேட்டிங் போகிற இடத்தில் கேம்கார்டர் படத்தின் மூலையில் தேதி வரும், மார்ச் 22. ஒருத்தரும் வாழ்த்தவில்லை. அம்மா இல்லை, அண்ணன் இல்லை, மைக் இல்லை. அந்தத் தேதி தானாக வரவில்லை, யாரோ உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். காசு செலவழித்திருக்கிறார்கள். வெக்னா எல்லார் நினைவிலிருந்தும் அவனை அழிக்கிறான் என்று நாங்கள் சொன்னோம். கடைசியில் டஃபர்ஸ் என்ன சொன்னார்கள் தெரியுமா? மறந்துவிட்டோம் என்றார்கள்! பழைய சீசனில் மார்ச்சை மே என்று மாற்றிவிடலாமா என்று யோசித்தார்களாம், ஜாய்ஸ் வாய் அசைவுக்கு அது பொருந்துமாம். உங்கள் விதி இங்கே வேலை செய்யவில்லையே சார்."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் மார்ச்சும் மேயும் என்றதும் எனக்கு 54, 45 ஞாபகம் வந்தது. முகம் தெரிகிறது.

பழைய உதவி இயக்குநர்:

தோற்றேன். உங்கள் மகள் பிடித்தது சரி. தேதியைப் போட்டவர் ஸ்ப்ரிங் விடுமுறைக் கணக்குப் பார்த்துப் போட்டிருப்பார், அவரளவில் வேலை சுத்தம். ஷெட்டில் ஜாய்ஸ் அழுதது அவர் டேபிளுக்கு வந்திருக்காது. எங்கள் நோட்டில் வளையல் எண்ணிக்கை இருக்கும், சில வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா என்ன சொல்லி அழுதாள் என்று இருக்காது. ரசிகர்கள் நோட்டில்தான் அது இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பாப்பாவிடம் சொல்லுங்கள். யாரும் வாழ்த்தாமல் அந்தப் பையன் ஓரமாக நிற்கிற காட்சியில் எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது, தேதியைக் கவனிக்காமலே. அவனை அங்கே யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் காட்சி. மறந்துபோன பிறந்தநாள் அதற்கு எவ்வளவு பொருத்தம்! லிஞ்ச் மாதிரி ஒருவராக இருந்தால் "ஆமாம், அப்படித்தான் வைத்தோம்" என்று அடுத்த எபிசோடிலேயே அதை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார். இவர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏழாம்_பகடை:

அப்போ ஃபைல் முதுகில் எழுதியிருந்தது?

பழைய உதவி இயக்குநர்:

தம்பி, அலமாரியில் எந்த ஃபைல் எந்தப் பக்கம் என்று அடுக்குகிற ஆளுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

கணக்கம்மா (கோவை):

கடைசியாக ஒரு கேள்வி, மகள் விடமாட்டேன் என்கிறாள். அருப்புக்கோட்டைக்காரருக்குத் தன்னால்தான் கதை மாறியது என்று தெரியுமா? பதில் எழுதினீர்களா?

பழைய உதவி இயக்குநர்:

இல்லை. எழுத வேண்டும் என்று அந்த லெட்டரை என் கன்டினியூட்டி நோட்டுக்குள் வைத்தேன், ஷெட்யூல் மேல் ஷெட்யூல் வந்துவிட்டது. தாத்தா ஆவி வந்த வாரம் அவரிடமிருந்து இன்னொரு லெட்டர் வந்தது. "நான் அப்போதே சொன்னேன், வீட்டில் யாரும் நம்பவில்லை" என்று ஒரே வரி. இரண்டும் இன்னும் அந்த நோட்டில்தான் இருக்கின்றன. முதல் லெட்டரின் ஓரத்தில் டைரக்டர் பச்சை மையில் '3.20' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறார்.